அய்யம்மாள், வயது 52

கோயம்புத்தூர்
6-2-2025

அக்கா,

நலமா என்று ஆரம்பித்தால் அந்த வரியோடு நீ கடிதத்தை மடித்துவிடுவாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலன்று நான் பேசியதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மூன்று வாரமாக என் போனை நீ எடுக்கவில்லை. அம்மாவின் போன் ஸ்பீக்கர் போட்டால்தான் கேட்கும், நான் சொல்லப்போவது அம்மாவின் காதில் விழக்கூடாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ பி.ஏ. வகுப்புக்குப் போகும் விருதுநகர் மையத்தின் முகவரிக்கு இதை அனுப்புகிறேன்.

என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் உனக்குத் தெரியும். நம் ஊரில் ஆபீஸ் என்று சொல்கிற பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களின் கன்னத்து உள்பக்கத்தைச் சின்ன பிரஷ்ஷால் வழித்து, அந்தச் செல்களுக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. டிசம்பரில் எங்கள் வகுப்பு அச்சங்குளத்துக்கு வந்து அறுபது பேரிடம் எடுத்தது. சொந்த ஊர் என்றால் கண் ஒரு பக்கம் சாயும் என்று எங்கள் லட்சுமிகாந்தம் மேடம் என்னை வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். என் தோழி பிரீத்திகாவும் வேறு இரண்டு பேரும்தான் போனார்கள். என் கைக்கு வந்தவை நம்பர் மட்டும் போட்ட கண்ணாடி ஸ்லைடுகள். யார் எவர் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

ஒவ்வொரு கண்ணாடியிலும் ஆயிரம் செல் எண்ண வேண்டும். நல்ல செல் என்றால் அப்பளத்தில் ஒரு மிளகு ஒட்டியது போல இருக்கும். அந்த மிளகுதான் உட்கரு. செல்லுக்கு அடிபட்டால் மிளகுக்குப் பக்கத்தில் இன்னொரு கடுகு தெரியும். ஆயிரத்தில் ஒன்று இரண்டு இருந்தால் பரவாயில்லை. 31-ஆம் கண்ணாடியில், இடது கன்னத்துச் செல்களில், பத்தொன்பது எண்ணினேன். அது மட்டுமில்லை. உட்கருவே வீங்கி, ஓரமெல்லாம் கோணலாக, அப்பளத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. எனக்குச் சாயம் ஏற்றத் தெரியவில்லையோ என்று மூன்று தடவை பார்த்தேன். மேடம் அதைத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டினார். இந்தப் பெண்ணை உடனே ஆஸ்பத்திரியில் காட்டி, அந்த இடத்தில் சதைத் துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அவர் சொன்னார். உயிர் விஷயம் என்பதால் மேடம் நம்பர் பட்டியலைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

31: அய்யம்மாள், வயது 52, அச்சங்குளம்.

அக்கா, நம் அம்மா. நீ காலண்டர் பிரஸ்ஸில் லீவு சொல்லிவிட்டு அம்மாவை விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. பல்லைக் காட்டுவதற்கு என்று சொல்லிக் கூட்டிப் போ. இந்த ஒரு காரியத்துக்காகவாவது என்னிடம் பேசு.

சினேகா


விருதுநகர்
16-2-2025

சினேகாவுக்கு,

விஞ்ஞானியின் கடிதம் கிடைத்தது. இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவில் படித்தேன். போன வாரமே வந்திருக்கிறது, மையத்து அலமாரியில் கிடந்தது.

அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. டார்ச் அடித்து இரண்டு கன்னத்தையும் பார்த்தேன். "என்னடி, பல்லப் புடுங்கி விக்கப் போறியா"ன்னு கேட்டாள். வாய் சுத்தமாக இருக்கிறது. மூன்று இட்லி தின்றுவிட்டு, சட்னியில் காரம் இல்லை என்று என்னைத் திட்டினாள். ஆகையால் அழாதே.

உன் கண்ணாடி தப்பு. அறுபது பேரை வரிசையில் நிறுத்தி, போர்மேன் சோலைச்சாமி அண்ணன் ரிஜிஸ்டரைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த அவசரத்தில் எந்தக் குச்சி எந்த டப்பாவில் விழுந்ததோ. 31-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு ஐம்பத்தொன்பது பேரை வைத்துப் பட்டம் வாங்கு. யாரும் உன்னைக் கேட்கப் போவதில்லை.

இந்த வாரம் எங்களுக்கு வரலாற்றில் மண்டபம் முகாம் பற்றிய பாடம் நடத்தினார்கள். நம் பக்கத்து ஜனங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனபோது கடலைத் தாண்டும் முன் அங்கேதான் நாள் கணக்கில் அடைத்து வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்கார அரசாங்கத்து டாக்டர் வாயைத் திற, நாக்கை நீட்டு என்று பார்ப்பார். ஊசி போடுவார்கள். கழுத்தில் நம்பர் அடித்த தகரத்தைக் கட்டி அனுப்புவார்கள். புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம்தான் இருக்கிறது. நான் வாத்தியாரிடம், அந்த டாக்டர் கூலி ஆளுக்காகப் பார்த்தாரா, தோட்டத்துக்காகப் பார்த்தாரா என்று கேட்டேன். நல்ல கேள்வி, பரீட்சைக்கு வராது என்று சொன்னார்.

உன் தோழிகள் வந்து வாயைத் திறக்கச் சொன்னபோது, எதற்கு என்று யாராவது விளக்கிச் சொன்னார்களா? கம்பெனி சொல்லிவிட்டது, திறந்தார்கள். ஐந்து நிமிடம், ஒரு பிஸ்கட் பாக்கெட், போய்விட்டீர்கள். பொங்கலன்று மாமா முன்னால் என்னைக் கேட்டாயே, "வெடி ஊர்ல உக்காந்து வெள்ளக்காரன் கதையப் படிச்சு யாருக்கு என்ன ஆகப் போவுது"ன்னு. எனக்கு இது ஆகிறது. யார் எதற்கு வாயைத் திறக்கச் சொல்கிறார்கள் என்று யோசிக்கத் தெரிகிறது.

அம்மாவிடம் போனில் இதைப் பற்றி வாயைத் திறக்காதே. அவளுக்குத் தூக்கம் கெடும்.

பாண்டிச்செல்வி


கோயம்புத்தூர்
20-2-2025

அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உனக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொல்லும்போதுதான் நீ இப்படி நையாண்டி பண்ணுவாய்.

குச்சி மாறியிருக்கலாம் என்கிறாயே, நானும் முதலில் அதைத்தான் நம்ப நினைத்தேன். பிரீத்திகாவை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒரு ஆள் வாயில் எடுத்ததை உடனே தேய்த்து, நம்பரைக் கண்ணாடியில் எழுதிவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாற வழியில்லை.

31 ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "புருவம் வரைக்கும் வெள்ளிப் பொடி. சிரிச்ச முகம். இந்தக் கண்ணாடிய எங்க பேரோட வெச்சிருப்பீகளா, நம்பரோடவான்னு கேட்டாங்க. பேரு வெளிய போகாதுன்னு எழுத்துல தருவீகளான்னாங்க. அறுபது பேர்ல அதக் கேட்டது அவங்க ஒருத்தர்தான்." வயசு என்ன இருக்கும் என்றேன். படிவத்தில் 52 என்று இருந்தது, ஆனால் பார்த்தால் நம்ம வயசுக்கு நாலஞ்சு கூட இருக்கும், பொடி அப்பியிருந்ததால் சரியாகத் தெரியவில்லை என்றாள்.

அம்மா இருப்பது பேக்கிங் ரூம். அங்கே புருவத்தில் பொடி அப்பாது, வெடிமருந்து செலுத்தும் ரூமில்தான் அப்பும். அம்மா யாரிடமும் எழுதித் தா என்று கேட்க மாட்டாள், அவளுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது. எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் அப்படிக் கேட்கிற ஆள் ஒன்றே ஒன்றுதான். நான் பதினோராம் வகுப்பில் சேர்ந்த அன்று இனி ஃபீஸ் கேட்க மாட்டோம் என்று தலைமை ஆசிரியரிடமே அந்த ஆள் எழுதி வாங்கிக்கொண்டு வந்தது.

அக்கா, அது நீயா?

நீ காலண்டர் பிரஸ்ஸில் இருக்கிறாய் என்று நினைத்துத்தான் இரண்டு வருடமாக நான் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறேன். பக்கத்து ஊர் ஆபீஸ் வெடித்த வாரம், மருந்து ரூமுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாய். செய்யாவிட்டால் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று நான்தான் வாங்கினேன்.

ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. மண்டபத்தைப் பற்றி எழுதாதே.

சினேகா


விருதுநகர்
2-3-2025

சினேகா,

ஆம்.

ஒரு வார்த்தை கேட்டாய், எழுதிவிட்டேன். மீதியைக் கேட்க உனக்குப் பொறுமை இருந்தால் படி.

அம்மாவுக்கு முட்டி போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆபீஸ் வேன் படியில் ஏற முடியவில்லை. பெயரை வெட்டிவிடுங்கள் என்று சொல்லத்தான் சோலைச்சாமி அண்ணனிடம் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "புதுப் பேரு எழுத மாட்டாக. இருக்குற பேர ஏன் வெட்டணும்? ஆளு யாரா இருந்தா என்ன, அய்யம்மாள்னு கூப்பிட்டா ஏன்னு கொரல் குடுத்து வந்து நிக்கணும், அம்புட்டுதான்" என்றார். அம்மாவுக்குப் பத்து வருட சர்வீஸ் முடிந்தால் பென்சன் உண்டு. அதற்கு அப்போது இரண்டரை வருடம் பாக்கி. நான் ஏன்னு போய் நின்றேன். பேக்கிங்கில் இடமில்லை, மருந்து ரூமில்தான் ஆள் வேண்டும் என்றார்கள். பிரஸ் என்பது நானும் அம்மாவும் உனக்காகக் கட்டிய கதை. நீ தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வருவாய், அப்போது ஆபீஸே பூட்டியிருக்கும், பிடிபட வழியில்லை.

எங்கள் ரூமில் நான் ஒருத்தி இல்லை. மாமியார் பெயரில், நாத்தனார் பெயரில், செத்துப்போன பெரியம்மா பெயரில் என்று இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள். இரண்டு வருடமாக என்னை அங்கே யாரும் பாண்டிச்செல்வி என்று கூப்பிட்டதில்லை. பழகிவிட்டது. அம்மாவைத் தெருவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

இடது கன்னம் ஏன் என்று உனக்குச் சொல்கிறேன். எங்கள் ரூமில் பாக்கும் புகையிலையும் சேர்த்து ஒரு பக்கமாக அதக்கிக்கொள்வோம். வாய் ஊறிக்கொண்டே இருந்தால் பொடி தொண்டைக்குள் இறங்காது என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். நான் இடது பக்கம் வைப்பேன். உன் படிவத்தில் பாக்குப் பழக்கம் உண்டா என்று கேட்டபோது பக்கத்தில் சோலைச்சாமி அண்ணன் நின்றார். எல்லோரும் இல்லை என்று சொன்னோம்.

வாயில் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது. அரிசி அளவுதான். வலி இல்லை. காரம் பட்டால் மட்டும் எரிகிறது. சட்னியில் காரம் இல்லாதது அதனால்தான்.

இனி நீ கேட்க வேண்டியது. அம்மாவின் சர்வீஸ் முடிய இன்னும் எட்டு மாதம். தீபாவளி முடிந்ததும் நானே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அதற்குள் நீ யாரிடமாவது வாயைத் திறந்தால் அம்மாவின் பத்து வருடமும் போகும், அந்த ஏழு பேர் வீட்டிலும் அடுப்பு அணையும். கம்பெனி மேல் கேஸ் வந்தால் எங்கள் முதலாளி வெள்ளைத்துரைக்கு ஒன்றும் ஆகாது, முதலில் எங்களைத்தான் ஆள்மாறாட்டம் என்பார்கள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் உன்னிடம் கெஞ்சியதே இல்லை.

பாண்டிச்செல்வி


கோயம்புத்தூர்
5-3-2025

அக்கா,

தீபாவளி வரைக்கும் முடியாது. உன் வாயில் இருக்கிற செல்லுக்குத் தீபாவளி தெரியாது. அது ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிக்கொண்டே இருக்கும், தப்பான எழுத்தைத் தப்பாகவே பார்த்து எழுதிக்கொண்டே போகும். நல்ல செல்லுக்கு எங்கே நிறுத்துவது என்று ஒரு கணக்கு உண்டு. அது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று நான் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியிருக்கிறேன். இப்போது அதை உனக்கு எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

புகையிலையை இன்றே நிறுத்து. தொண்டையைக் காப்பாற்றுகிறேன் என்று கன்னத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். பொடி தடுக்கத் துணி கட்டு, மாஸ்க் கேள். பாக்கு ஒன்றையும் தடுக்காது. பொடியையும் புகையிலையையும் சேர்த்து ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் ஊற வைத்திருக்கிறாய். எனக்கு உன் மேல் வருகிற கோபத்தை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது.

இன்னொன்று சொல்ல வேண்டும், பயமாக இருக்கிறது. உன் கடிதம் வருவதற்கு முன்பே மேடம் கம்பெனிக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டார். உங்கள் தொழிலாளி அய்யம்மாளை உடனே விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும், அங்கே டாக்டரிடம் சொல்லியிருக்கிறோம் என்று. நான்தான் அவசரப்படுத்தினேன். அம்மா என்று நினைத்து.

இதை நல்லதாகவே எடுத்துக்கொள். கம்பெனியே அனுப்பினால் நீ அய்யம்மாளாகவே போய்க் காட்டு. உன் வாய்தானே வேண்டும், பெயர் எதுவாக இருந்தால் என்ன. ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். நேரே மையத்துக்கு வருவேன். பதினோரு மணி. பேசி முடிவு செய்வோம். சாயங்காலம் பஸ் ஏறிவிடுவேன், பதினேழாம் தேதியிலிருந்து எனக்குப் பிராக்டிகல்.

சினேகா


விருதுநகர்
16-3-2025

சினேகா,

உன் கடிதம் போன ஞாயிறு காலை பத்து மணிக்கு என் கைக்கு வந்தது. பத்தரைக்கு நான் கிளம்பிவிட்டேன். சூலக்கரை பஸ்ஸில் ஏறி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை பூட்டிக்கிடக்கிற கேட்டைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நீ நாலு மணி வரைக்கும் மையத்து வாசலில் நின்றாய் என்று வாட்ச்மேன் சொன்னார். "ஒங்க தங்கச்சியாம்மா? சோறு தண்ணி இல்லாம நின்னுச்சு" என்றார். உன் முகத்தைப் பார்த்தால் சரி என்று சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் ஓடினேன். அதற்கு மன்னித்துக்கொள்.

ஆனால் இனி நீ கவலைப்பட வேண்டாம், எல்லாம் முடிந்துவிட்டது.

புதன்கிழமை காலையில் சோலைச்சாமி அண்ணன் வீட்டுக்கு வந்தார். காலேஜிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் ஆதார் கார்டு கேட்பார்கள், போட்டோ பார்ப்பார்கள், அதனால் "அசல் ஆளு போகட்டும்" என்றார். நான் வேனுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். அம்மா நல்ல சேலையை எடுத்துக் கட்டினாள். என்னை வேனில் ஏற்றிவிட்டு, கம்பெனி அனுப்பிய ஆட்டோவில் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

அம்மாவின் வாயை இரண்டு டாக்டர்கள் பார்த்தார்களாம். லைட் அடித்து, கண்ணாடி வைத்து, சுரண்டியும் எடுத்தார்களாம். ஒன்றும் இல்லை என்று சீல் வைத்து எழுதிக்கொடுத்துவிட்டார்கள். கம்பெனியில் ஒரு காப்பி, உன் காலேஜுக்கு ஒரு காப்பி. அய்யம்மாள் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறாள். ஆபீஸில் எல்லோரும் என்னிடம் வந்து, "நல்லவேள அய்யம்மா, ஒனக்கு ஒண்ணுமில்லையாம்ல" என்று சந்தோசப்பட்டார்கள். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தச் சீட்டை என் மடியில் போட்டாள். "ஓம் வாய்க்கு நான் போய் வாயக் காட்டிட்டு வந்திருக்கேன். இதுல இருக்குறது யாரு வாயின்னு எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாலு நாளாக என்னோடு பேசவில்லை. என் தட்டில் மட்டும் காரமில்லாமல் தனியாக எடுத்து வைக்கிறாள்.

புகையிலையை விட்டுவிட்டேன். அது வரைக்கும் உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

பாண்டிச்செல்வி


கோயம்புத்தூர்
20-3-2025

அக்கா,

ஆஸ்பத்திரி சீட்டு இங்கே வந்தது. மேடம் என்னைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். "பாத்தியா, உங்க அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. சாயத்துல கோளாறு. 31-ஐ எடுத்துட்டு அம்பத்தொம்பதுன்னு போடு" என்றார். சந்தோசமாகச் சொன்னார், நான் அழுததையும் சந்தோசம் என்றே நினைத்துக்கொண்டார்.

நான் லேபுக்குப் போய் மறுபடியும் 31-ஐ எடுத்து வைத்துப் பார்த்தேன். இதுவரை அது எனக்கு வேலை. பிறகு அம்மா. இப்போதுதான் முதல் தடவையாக அது உன் வாய் என்று தெரிந்து பார்க்கிறேன். நான் எட்டாவது படிக்கும்போது காய்ச்சலில் கிடந்தேனே, வெந்நீரை உன் வாயில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு எனக்குக் கொடுப்பாய். அந்த வாய். எனக்குப் படிப்பே வேண்டாம் என்று இருந்தது அக்கா.

நீ மண்டபத்தைப் பற்றிக் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. எழுதாதே என்று வேறு சொன்னேன். இப்போது சொல்கிறேன். நீ கேட்டதுதான் நடந்திருக்கிறது. நான் நம்பரைப் பார்த்தேன், மேடம் பெயரைப் பார்த்தார், டாக்டர் ஆதார் போட்டோவைப் பார்த்தார். உன்னை யாரும் பார்க்கவில்லை. பொங்கலன்று மாமா முன்னால் நான் பேசியது பெரிய தப்பு. எனக்குத் தெரியாத ஒன்றை நீ படித்துவிடுவாயோ என்ற வயிற்றெரிச்சல், வேறு ஒன்றுமில்லை.

ஆனால் உன் படிப்பு உனக்கு ஒளிந்துகொள்ளத்தானா சொல்லிக்கொடுத்தது? ஏழு பேர் வீட்டு அடுப்பு என்கிறாய். அந்த ஏழு பேரும் அதே ரூமில் அதே பாக்கை அதக்குகிறார்கள். அவர்கள் கண்ணாடிகளும் என்னிடம்தான் இருக்கின்றன, தப்பான பெயரில், தப்பான வயசில். நாளைக்கு அதில் ஒன்று உன்னுடையதைப் போல இருந்தால் நான் யாரைத் தேடிப் போவேன்? அவர்களின் மாமியாரையா?

அம்மாவின் பென்சனுக்காக உன்னைக் கொடுக்க எனக்கு மனசில்லை. அம்மாவுக்கும் இல்லை. நேற்று போனில் பேசினேன். ஸ்பீக்கரில்தான். "அவள எப்பிடியாவது போகச் சொல்லு"ன்னு சொன்னாள். அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும், அவள் கவலைப்படவில்லை.

ஏப்ரல் ஐந்தாம் தேதிக்குள் நீ உன் பெயரில் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால், ஏழாம் தேதி மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். ஏழு பேரையும் சேர்த்துத்தான். பட்டம் போனாலும் போகட்டும். இது மிரட்டல்தான், வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை.

சினேகா


விருதுநகர்
6-4-2025

சினேகா,

மிரட்டலுக்குப் பயந்து போகவில்லை. அதை முதலில் எழுதி வைக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், மரத்தடியில் ஏழு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். என் வாயைத் திறந்து காட்டினேன். என் பெயர் வெளியே வந்தால் உங்கள் பெயரும் வரலாம், நீங்கள் வேண்டாம் என்றால் நான் வேலையை விட்டு நின்றுவிட்டு, சத்தமில்லாமல் போய்க் காட்டிக்கொள்கிறேன் என்றேன். ஒருத்தி, "ஒன்னால எங்க பொழப்பு போச்சுன்னா சும்மா விட மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டாள். போனவள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பிறகு அவளே, "அந்தப் பிள்ள எங்க வாயிலயும் எடுத்துச்சே. எங்களுக்கு என்ன வந்திருக்குன்னு கேக்க யாரு பேரச் சொல்லிக் கேக்கறது" என்றாள்.

27-ஆம் தேதி லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாவும் வந்தாள். சீட்டு எழுதுகிற பெண் பெயர் என்ன என்றாள். எனக்குச் சட்டென்று வரவில்லை. பக்கத்திலிருந்து அம்மாதான், "பாண்டிச்செல்வின்னு எளுதுங்க, இருபத்தொம்பது வயசு" என்றாள். என்ன வேலை என்றதற்கு நானே சொன்னேன். பட்டாசு ஆபீஸ், மருந்து செலுத்துறது, இரண்டு வருடம். கம்பெனி பெயரையும் சொன்னேன். ஏற்கெனவே அம்மாவைப் பார்த்த டாக்டர்தான் இருந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து லைட்டை அடித்தார்.

துண்டு எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. புற்று இன்னும் ஆகவில்லையாம், ஆகிற வழியில் கிளம்பிவிட்டதாம். தீபாவளி வரை விட்டிருந்தால் வேறு பேச்சு பேசியிருப்பேன் என்று டாக்டர் சொன்னார். ஒன்பதாம் தேதி அந்த இடத்தை முழுதாக வெட்டி எடுக்கிறார்கள். அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை காட்ட வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. எட்டாம் தேதி ராத்திரி பஸ்ஸில் வா. இந்தத் தடவை ஓட மாட்டேன்.

சோலைச்சாமி அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் முதலாளியைக் கேட்டுவிட்டு வந்து, "அய்யம்மாள இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டாக" என்றார். பத்து வருடத்துக்கு ஏழு மாதம் குறைவு. கேட்டதிலிருந்து அம்மா இரண்டு நாள் அழுதாள், தன்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். இரண்டு வருடமாக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. மற்ற ஏழு பேரை இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆர்டர் குவிந்து கிடக்கிறது, அவர்களையும் அனுப்பிவிட்டால் அந்த ரூமில் ஆள் இல்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது.

இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. இடது பக்கம் ரிஜிஸ்டரில் இருக்கிற பெயர், வலது பக்கம் வாயைத் திறந்த ஆளின் பெயரும் உண்மையான வயசும். ஆறு பேர் அவரவர் கையால் எழுதியது. எழுதத் தெரியாத ஒருத்திக்கு நான் எழுதினேன், அவள் ரேகை வைத்தாள். கம்பெனிக்கோ காலேஜுக்கோ காட்டக்கூடாது, ஆளைக் கூப்பிட்டுச் சொல்வதற்கு மட்டும்தான் என்று உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதை வாங்காமல் தரக்கூடாது என்றுதான் நினைத்தேன். அவர்கள்தான், ஓம் தங்கச்சிதானே, முதல்ல அனுப்பு என்றார்கள்.

மூன்றாவது வரியில் வேலுத்தாய் என்று இருக்கும், ரிஜிஸ்டர்படி வயது 48. அந்தக் கண்ணாடியை மற்றதற்கெல்லாம் முன்னால் எடுத்துப் பார். அது அவள் மருமகள் மாரிக்கனி. அவளுக்கு இருபத்திரண்டு வயசு, இப்போது ஐந்து மாதக் கர்ப்பம்.

அக்கா
பாண்டிச்செல்வி